காயாத சுவர்

முழங்கால் இரண்டிலும் ஆணி இறக்குகிற மாதிரி வலி. சாரத்திலிருந்து இறங்கிய மேஸ்திரி கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வயசாகிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். வயசு முழங்காலுக்குத்தான் ஆகிறது, வேலைக்கு ஆகவில்லையே என்று முனகிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் சுவரைக் கவனித்தார்.

அடித்த வெள்ளை முழுக்கக் காய்ந்திருந்தது, சில இடங்களைத் தவிர. சுரங்கப்பாதைச் சுவரில் ஈரம் வருவது அதிசயமில்லை. அது தரையிலிருந்து மேலே ஏறும், இல்லையென்றால் விரிசலைப் பிடித்துக்கொண்டு ஒழுகும். இது அப்படி இல்லை. தரைக்கும் கூரைக்கும் தொடாமல், நடுச்சுவரில், ஆள் உயரத்துக்கு, ஒன்றின் பின்னால் ஒன்றாக ஏழு ஈரத் திட்டு.

"நெட்டை, ரெண்டாவது பூச்சுல எங்கயாவது விட்டுட்டியா?" என்று வாளி கழுவிக்கொண்டிருந்த வேலையாளைக் கேட்டார்.

"நானா? மாமியார் மூஞ்சின்னு நெனச்சு அடிச்சிருக்கேன் மேஸ்திரி. ஒரு இடம் தப்பியிருக்காது."

மேஸ்திரி சிரிக்கவில்லை. அந்த இடங்களில் வெள்ளைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பெரிய சாலைக்குக் கீழே ஜனங்கள் குறுக்கே போகிற பாதை அது. அதில் புதிதாக ஓவியம் வரையப் போகிறார்கள் என்று சுவரைத் தயார் செய்கிற வேலை அவருடைய கம்பெனிக்கு வந்திருந்தது. ஒட்டிய சுவரொட்டியையும் அடுக்கடுக்கான சுண்ணாம்பையும் அவர் தனியாகச் சுரண்டிக்கொண்டே போனபோது அடியில் ஒரு பழைய படம் கிளம்பியது. இடுப்பளவு தண்ணீரில் மண்கூடை சுமந்து நிற்கும் ஏழு கூலியாட்கள். ஒவ்வொருவருக்கும் தனி முகம், தனி மூக்கு, தனிப் பயம். அவர்களுக்கு எதிரே ஒரு இரும்புக் கதவு. அதை வெளியிலிருந்து இழுத்துச் சாத்துகிற ஆளுக்கு இடது புருவம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது.

அந்தப் புருவம் மேஸ்திரியின் மாமனாருடையது. இந்தப் பாதையைக் கட்டிய கான்ட்ராக்டர் அவர்தான். வேலை நடக்கும்போது ஏழு பேர் முன்பணம் வாங்கிக்கொண்டு ஓடிப்போனார்கள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் பேரில்தான் கம்பெனி இன்றைக்கும் நடக்கிறது. மேஸ்திரியின் பெண்டாட்டி, பிள்ளைகள், மருமகள், பேரன் பேத்தி எல்லாருக்கும் சோறு அதில்தான்.

பழசு எதுவும் அகப்பட்டால் வேலையை நிறுத்தி இன்ஜினியருக்குச் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. சுரண்டிப் பார்த்தார், போகவில்லை. ஈரப் பூச்சின் மேலேயே வரைந்த படம், சுவரோடு சேர்ந்து இறுகிவிட்ட நிறம். நெட்டையை டீ வாங்க அனுப்பிவிட்டு முதல் பூச்சைத் தானே அடித்தார்.

ஈரத்தைக் கவனித்த அன்றே முற்பகலில் சுவர் டீச்சர் வந்தாள். ஊரில் உள்ள சிலைகளையும் சுவர்ப் படங்களையும் காட்டி, அவற்றின் கதையைச் சொல்லி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடப்பவள். வேலையாட்கள் வைத்த பேர் அது.

"அண்ணே, சுரண்டும்போது அடியில ஏதாவது படம் வந்துச்சா?"

"படமா? இது என்ன சினிமாக் கொட்டகையாம்மா?"

"இல்லண்ணே. எங்க தாத்தா இங்கதான் மண்ணு வெட்டினாரு. காசை வாங்கிட்டு ஓடிட்டான்னு சொல்லிட்டாங்க. திருடன் மகன்னு சொல்லியே எங்கப்பாவை வளர விடல. ஆனா தண்ணி உடைச்சுக்கிட்டு வந்தப்ப உள்ள வச்சுக் கதவைச் சாத்துனதை வெளிய நின்ன கொத்தனார் ஒருத்தர் பார்த்திருக்காரு. வாயால சொல்லப் பயந்து சுவத்துல வரைஞ்சாராம். அது கெடச்சா போதும். எங்கப்பா இன்னும் உசுரோட இருக்காருண்ணே. அவர்கிட்ட காட்டணும்."

அவள் கண்ணைப் பார்க்காமல் மட்டப்பலகையைத் துடைத்தபடி மேஸ்திரி சொன்னார். "வெறும் சுவரும்மா. நானே சுரண்டுனேன்."

அவள் சுவரை நெருங்கினாள். ஈரமாக இருந்த ஒரு இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். "நாளைக்கு ஆளுங்களோட வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கை பட்ட இடத்தில் சுண்ணாம்பு கரைந்து ஒரு கூலியாளின் கண் திறந்திருந்தது.

மத்தியானம் நெட்டை சாப்பிடப் போனான். இரண்டு பக்கத்துக் கம்பிக் கதவும் பூட்டியிருந்தது. தலைக்கு மேலே வண்டிகள் ஓடுகிற அதிர்வு கூரையில் இறங்கி, வாளிச் சுண்ணாம்பின் மேல் மெல்லிய வளையமாக நடுங்கி, துருவும் பழைய மூத்திரமும் கலந்த அந்தக் காற்றில் எங்கேயோ மண்வெட்டி இழுபடுவதுபோல் ஒரு சத்தத்தை விட்டுவிட்டு அடங்கியது. பூச்சையே கொத்தி எடுத்துவிடுவது என்று மேஸ்திரி முடிவு செய்தார். படமே இல்லாவிட்டால் அவள் எதைக் காட்டுவாள்?

கொத்துவதற்கு முன்னால் எந்த மேஸ்திரியும் தட்டிப் பார்ப்பான். பிடிப்புள்ள பூச்சு ஒரு மாதிரி ஒலிக்கும், விட்டுப்போன பூச்சு பொக்கென்று ஒலிக்கும். உளிக்கட்டையால் தட்டினார். பொக்கென்றது. தள்ளித் தட்டினார். அங்கேயும் பொக்கு. இந்தச் சுவருக்குப் பின்னால் மண் என்றுதான் வரைபடத்தில் இருந்தது.

மூன்றாம் முறை ஓங்கிய கை காற்றிலேயே நின்றது. அவர் தட்டவில்லை.

சத்தம் மட்டும் வந்தது.

மேலே லாரி போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெள்ளை உரிந்துகொண்டிருந்தது. உளி படாமலே ஏடு ஏடாகச் சுருண்டு விழுந்தது. ஏழு முகமும் வெளியே வந்தன. படத்தில் தண்ணீர் இடுப்பளவில் இல்லை. நெஞ்சளவு.

கதவைச் சாத்துகிறவனைப் பார்த்தார். வெட்டுப்பட்ட புருவம் இல்லை. முகமே இல்லை. அந்த இடம் ஈரமாக, வழுவழுப்பாக, யாரோ வரையட்டும் என்று காத்திருந்தது.

மேஸ்திரிக்கு ஆத்திரம் வந்தது. பயத்தை அவர் எப்போதும் அப்படித்தான் சமாளிப்பார். "செத்தவனுக்கு என்னடா சுவரு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஈரத்தில் உளியை இறக்கினார். உளி உள்ளே போயிற்று. கை போயிற்று. முழங்கை வரை.

உள்ளே தண்ணீர். பனி மாதிரி.

பிறகு விரல்கள். காய்த்துப்போன விரல்கள். அவர் மணிக்கட்டைப் பிடித்தன. ஒரு கை. இன்னொரு கை. இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தன. வண்டிச் சத்தம் நின்றுபோயிற்று. விளக்கும்.

இருட்டு. கழுத்தளவு தண்ணீர். வாயில் சுண்ணாம்புக் காரம். கால் தரையைத் தேடியது, சேறு. எதிரே கைவிரித்துத் தடவினார். பூச்சில்லாத கல். அதற்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில், செருப்புச் சத்தங்கள்.

"இங்கதாம்பா," என்றாள் சுவர் டீச்சர். "தாத்தா இதோ, மூணாவதா நிக்கிறாரு."

ஒரு கிழவர் அழுகிற சத்தம். பிறகு அவள் குரல் மறுபடி. "கதவைச் சாத்துறவன் மூஞ்சி எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. நேத்து இங்க நின்ன மேஸ்திரி மாதிரியே."

மேஸ்திரி கத்தினார். தண்ணீர் வாய்க்குள் போயிற்று. யாருக்கும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் கேட்கவில்லை. இந்தப் பக்கம் கேட்டது. காதுக்குப் பக்கத்தில், வேலை முடித்துக் களைத்த ஆள் பேசுகிற நிதானத்தில், ஒரு குரல் கேட்டது.

"மேஸ்திரி, வீட்ல யார் யாரு இருக்காங்க?"

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இருட்டில் ஆறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"அவசரம் இல்ல," என்றது குரல். "எடுத்தது ஏழு உசுரு. ஒண்ணு வந்துடுச்சு. ஆறு பாக்கி."