வாயில் ஊறிய ரீட்

அந்த மழை மதியம் கடையில் இருந்தவர்கள்: வாத்தியம் பழுதுபார்க்கும் கடைக்காரர், அவர் மனைவி, கிளாரினெட் வாசிக்கும் தங்கை, அவளைத் தேடி வந்த அக்கா. நான்கே பேர். பின்னறையில் இருந்ததை ஆள் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்றுவரை யாரும் முடிவு செய்யவில்லை.

தங்கை காலையிலேயே வந்துவிட்டாள். மறுநாள் வாத்தியக் குழுவில் அவளுக்குக் கடைசித் தேர்வு. வாசிப்பில் குறையில்லை, ஓட்டம்தான் குறை. கடினமான இடம் வந்தால் கயிறறுத்த கன்று மாதிரி தாளத்தை விட்டுவிட்டு முன்னால் ஓடுவாள். "இன்னொரு தடவை ஓடினா, அப்படியே வாசல் வரைக்கும் ஓடிடும்மா" என்று குழுத் தலைவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். வேறெந்த வேலையும் கற்காதவள். அந்த நாற்காலி போனால் உட்கார வேறு நாற்காலி கிடையாது.

அக்கா வீட்டில் பிள்ளைகள் கூச்சல். அதனால்தான் இந்தப் பின்னறை.

"தாளம் தட்ட மெட்ரோனோம் இருக்காண்ணே?"

"அலமாரில ஒண்ணு கிடக்கு. பழசு. ஆனா உன்ன மாதிரி ஓடாது."

ஜன்னல் இல்லாத அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் கம்பளம் அறைந்திருந்தது. அது ஈரம் குடித்து, துவைக்காத காலுறை போல நாறியது. தங்கை மரக்கூட்டின் சாவியை முறுக்கினாள். கம்பி இடமும் வலமும் ஆடத் தொடங்கியது.

டக். டக். டக்.

மரச்சத்தம்தான். ஆனால் ஒவ்வொரு தட்டின் வாலிலும் சிறு பிசுபிசுப்பு இருந்தது. சாப்பிட்டு முடித்தவர் மேலண்ணத்திலிருந்து நாக்கைப் பிரித்தெடுப்பது போல.

வாசிக்க ஆரம்பித்தாள். வழக்கமான இடத்தில் ஓடினாள். மறுபடி வாசித்தாள். மறுபடி ஓடினாள். எரிச்சலில் பல் பட்டு ரீட் நுனி பிளந்தது. வாயில் ஊறவைத்து, கிளாரினெட்டின் முனையில் கட்டும் மெல்லிய நாணல் சீவல் அது. அது இல்லாவிட்டால் கிளாரினெட் வெறும் குழாய். அக்காவுக்குப் போன் செய்து புதிது வாங்கிவரச் சொன்னாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் மெட்ரோனோமின் முன்மூடியைக் கழற்றிப் பார்த்தாள்.

உள்ளே, கம்பியின் அடியில், ஒரு ரீட்.

தேநீர் நிறத்தில் பழுத்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நுனி சீராக இருந்தது. ஒரு பெட்டி வாங்கினால் இப்படி ஒன்று தேறுவதே பெரிது. அடுத்தவர் ரீட்டை வாயில் வைப்பது அடுத்தவர் பிரஷ்ஷால் பல் தேய்ப்பது மாதிரி. வாசிக்கிற எல்லோருக்கும் அது தெரியும். நல்ல ரீட்டைக் கண்டால் எல்லோருக்கும் அது மறந்தும் போகும்.

பின்வாசல் குழாயில் கழுவி, நாக்கின் மேல் வைத்தாள்.

சூடாக இருந்தது.

சொத்தைப் பல்லின் ருசி. கூடவே பழைய புகையிலை, ஏதோ இனிப்பான அழுகல். குமட்டலை அடக்கிக்கொண்டு ஊதினாள். சுரம் வெண்ணெய் போல வந்தது. அந்தக் கடினமான இடம் வந்தது. அவள் ஓடவில்லை. தட்டுக்குத் தட்டு, ஆணி அடித்தாற்போல் நின்றாள்.

நிறுத்த மனம் வரவில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, விழுங்க விழுங்க. கொழகொழவென்று, நூல் நூலாக.

அவ்வளவு எச்சில் ஒரு வாயில் ஊறாது.

அக்கா குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை. வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடி இது, சீழ் நாத்தம்? வாயத் திற."

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரீட்தான் பழசு. இதுக்குள்ள கிடந்துச்சு."

பின்னால் எட்டிப்பார்த்த கடைக்காரர் மனைவியின் முகம் வெளுத்தது. கணவர் பக்கம் திரும்பினாள்.

"அதத் தூக்கிப் போடலியா நீங்க?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "நல்ல ரீட்டுடி. குப்பையில போட மனசு வரல."

"எதப் போடல அண்ணி?" என்றாள் தங்கை.

"இங்க ஒருத்தர் வாசிச்சுட்டிருந்தாரு" என்று அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "நாங்க ஊருக்குப் போயிருந்தப்ப இந்த ரூம்லயே போயிட்டாரு. திரும்பி வந்து பாத்தா ஊதிப்போய்க் கிடக்காரு, கிளாரினெட்டு வாயிலயே. இழுத்தா வரல. உதடும் சேந்து வந்துச்சு. இவருதான் அந்த ரீட்ட..."

"கழுவித்தான் வச்சேன்" என்றார் கடைக்காரர்.

தங்கை பின்வாசலுக்கு ஓடினாள். கிளாரினெட்டிலிருந்து ரீட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசி, அதன் மேலேயே வாந்தி எடுத்தாள். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள்; தண்ணீர் கொடுத்தாள்; பிறகு வாங்கிவந்த புது ரீட்டைப் பிரித்துக் கொடுத்தாள்.

"இத வச்சு வாசி. நாளைக்குப் பாத்துக்கலாம்."

கடையிலேயே நின்று வாசித்தாள். அதே இடத்தில் ஓடினாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வாசித்தாள். முன்னைவிட மோசமாக ஓடினாள். கிளாரினெட்டை இறக்கினாள்.

டக்.

கடைக்காரர் பின்னறைக்குள் போய், கம்பியைப் பிடித்து நிறுத்திவிட்டு வந்தார்.

டக். டக்.

"ஏன்டி சப்புக் கொட்டுற?" என்றாள் அக்கா.

"நான்..." டக். "இல்லக்கா."

அக்கா அவள் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். தினமும் நூறு வாய் பார்ப்பவள். பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

நாக்கு ஆடிக்கொண்டிருந்தது. இடம். வலம். இடம். வலம். நிறுத்தி நிதானமாக.

கைக்குட்டையால் அதைப் பிடித்தாள். வழுக்கிக்கொண்டு போய் மறுபடி ஆடியது. கைக்குட்டையில் புகையிலைக் கறை.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். இப்பவே."

தங்கை பின்வாசல் வழியே சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள்..." டக். "தான்க்கா."

"என்ன ஒரு நாள்?"

தங்கை பின்வாசலுக்குப் போனாள். மழையில் மண்டியிட்டு, கையை முழங்கை வரை சாக்கடைக்குள் விட்டுத் துழாவினாள். சேறு, முடிக்கற்றை, தன் வாந்தி எல்லாவற்றையும் விலக்கினாள். கிடைத்தது. கழுவவில்லை. அப்படியே வாயில் போட்டு உதட்டை மூடினாள்.

சத்தம் நின்றது. பால் கிடைத்த குழந்தையின் அழுகை நிற்பது போல.

அக்கா குமட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவள் நிமிர்வதற்குள் தங்கை கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் நடந்துவிட்டாள். நடையும் தட்டுக்குத் தட்டு அளந்து வைத்தது போலிருந்தது.

"அடியே, வேணாம்டி! நாற்காலி போனாப் போகட்டும், நான் சோறு போடறேன்! வந்துடுடி!"

தங்கை திரும்பிப் பார்த்தாள். கன்னங்கள் குழிந்து எதையோ சப்பிக்கொண்டிருந்தன. கண்ணில் நீர் வழிந்தது. இரண்டு கையாலும் கிளாரினெட்டை மார்போடு அணைத்தபடி உள்ளே போனாள்.

அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அக்கா ஓடிப்போய்த் தோளால் இடித்தாள். கதவு அசையவில்லை. "திறக்கச் சொல்லுங்கண்ணே!"

கடைக்காரர் ஓரடி பின்வாங்கினார்.

"அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாதும்மா."