நான்காம் படியில் இழக்க வேண்டிய ஆடு

“இதக் கழட்டிருங்க மேடம்.”

இசக்கியம்மாள் இடது காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினாள். கண்காணிப்பாளர் பத்மலோசனிக்கு முதலில் விளங்கவில்லை. வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, “மாத்திரை தரட்டுமா?” என்றாள்.

“வலிக்கல. இது இல்லாம ஆடுதேன்.”

பத்மலோசனி சுற்றுமுற்றும் பார்த்தாள். நாலு பேர் நடுவில் ஒருத்தி சேலையை அவிழ்க்கப் போகிறேன் என்று சொன்னதைப் போல அவளுடைய காது மடல் சிவந்தது.

மதிவில்லையைக் கழற்றக் கேட்காதே என்று இசக்கியிடம் சொல்லாத ஆள் இல்லை. பயிற்சி நிலையத்தில் முதல் வகுப்பிலேயே சொன்னார்கள். ஏழாம் வளையத்திலிருந்து நடுநகருக்குக் கப்பல் ஏறும்போது அம்மா ஏணி வரைக்கும் வந்து சொன்னாள். “என்ன வேணும்னாலும் கேளுட்டி. சோறு பத்தலன்னா கேளு, கக்கூசு நாறுதுன்னா கேளு. அதக் கழட்டச் சொல்லி மட்டும் கேட்டுராத. ஒங்க அப்பா வழியில எங்க அப்பா வழியில ஒருத்தர் காதுலயும் ஏறாதது அது.”

அவர்கள் குடியேறியிருந்த குறுங்கோளில் பட்டம் என்பது தாள் அல்ல. கல்லூரி முடித்தவரின் காதெலும்பில் நகக்கண் அளவில் ஒரு வில்லையைப் பொருத்துவார்கள். அதன் பிறகு அவர் மெனக்கெட்டு யோசிக்க வேண்டாம். கேள்வி முழுதாக எழும் முன்பே விடை உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். தாது உடைக்கும் வளையங்களில் பட்டதாரிகள் கிடையாது. இசக்கிதான் முதல்.

கூடம் முழுக்க முடிவர் பதவிக்கான தேர்வு நடந்துகொண்டிருந்தது. தேர்வு வேறொன்றுமில்லை, ஆடுபுலி ஆட்டம். ஒவ்வொருவர் முன்னாலும் முக்கோணக் கோடுகள் ஒளிரும் பலகை, எதிர்ப்பக்கம் தேர்வன் என்ற இயந்திரம். தேர்வர் பலகையில் கட்டைவிரலை வைப்பார். கண்ணை ஒருமுறை மூடித் திறப்பார். அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு முடிவுக்காகக் காத்திருப்பார். நடுநகரில் வீடுகளிலும் அப்படித்தான். ராத்திரிச் சாப்பாடு முடிந்து கணவனும் மனைவியும் விரலோடு விரல் ஒட்டுவார்கள். “நீ ஜெயிச்சிட்ட.” “ம்.” விளக்கணைத்துவிட்டுப் படுப்பார்கள். பிள்ளைகள் இன்றைக்கு நான் ஆயிரம் ஆட்டம் ஆடினேன் என்று பீற்றிக்கொள்வார்கள். ஒரு காயையும் எந்தப் பிள்ளையும் தொட்டிருக்காது.

குடியேற்றத்தை நிறுவியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் தொடங்கினார்கள். இயந்திரம் ஆலோசனை சொல்லட்டும், முடிவை முடிவர் என்ற மனிதர்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எழுதினார்கள். முடிவெடுக்கத் தருக்கம் வேண்டும். தருக்கம் எங்கிருந்து வரும்? காய் நகர்த்தி, புதிர் அவிழ்த்து, தோற்று, மறுபடி உட்கார்ந்து யோசித்தால் வரும். ஆகவே பள்ளிகளில் பலகை ஆட்டத்தைக் கட்டாயப் பாடமாக்கினார்கள். பாடம் ஆனதும் அதற்குத் தேர்வு வந்தது. தேர்வு வந்ததும் நோட்ஸ் வந்தது. நோட்ஸ் வந்த பிறகு எதற்காக இதை ஆரம்பித்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

“விதியில அனுமதி இருக்கு மேடம்,” என்றாள் இசக்கி. “பாத்துட்டுத்தான் வந்தேன்.”

பத்மலோசனியின் விழிகள் ஒரு கணம் மேலேறி இறங்கின. வில்லையிடம் கேட்கிறாள். “இருக்குதான்,” என்றாள் வருத்தத்தோடு. “ஆனா யாரும் கேட்டதில்லையேம்மா. இவ்வளவு கஷ்டப்பட்டு மாட்டிக்கிட்டது…”

“கழட்டுங்க.”

வில்லை சின்ன வெள்ளித்தட்டில் விழுந்தது. இசக்கிக்குத் தலைக்குள் திடீரென்று இடம் காலியானது போலிருந்தது. ஆட்கள் வெளியேறிய கல்யாண வீடு மாதிரி ஒரு அமைதி.

அவளுக்கு இந்தப் பதவி வேண்டியிருந்தது. சம்பளத்துக்காக அல்ல, கூட ஆடி வளர்ந்த பேச்சிக்காக.

மூன்று வருடங்களுக்கு முன் ஏழாம் வளையத்தின் சல்லடைக் கூடத்தில் சுவர் விரிந்து காற்று கசிந்தது. இயந்திரம் மூன்று யோசனைகளை முடிவருக்கு அனுப்பியது. ஒன்று, அடைகதவை உடனே மூடுவது. இரண்டு, உள்ளே இருப்பவர்கள் ஓடிவர ஒன்றரை நிமிடம் விட்டு மூடுவது. மூன்றாவதைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை. முடிவர் கண்ணை மூடித் திறந்தார். வில்லை முதல் விடையை எடுத்தது. உத்தரவு வந்ததும் கதவை மூடினார்கள். உள்ளே பேச்சியும் இன்னும் நான்கு பேரும் இருந்தார்கள். ஒன்றரை நிமிடம் விட்டிருந்தாலும் வளையத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று பிறகு இயந்திரமே சொன்னது. முன்பே தெரியாதா என்று கேட்டார்கள். தெரியும், இரண்டாவது யோசனையில் எழுதியிருந்தேன் என்றது. படிக்க யாருக்கும் நேரமில்லை. அந்த முடிவர் பதவி உயர்வு பெற்றுப் போனார். நாற்காலி காலியாக இருந்தது.

இசக்கி முதல் ஆட்டைப் பலகையின் ஓரத்தில் விரலால் வைத்தாள்.

தேர்வன் சற்று நேரம் எதுவும் செய்யவில்லை. இந்தத் தேர்வுக்காக அதன் திறமையை மனித அளவுக்கு அடக்கி வைத்திருந்தார்கள். ஆனாலும் எதிரில் ஒரு மனிதக் கை காயை வைத்து அது பார்த்ததில்லை.

“நீங்கள் வைத்துவிட்டீர்களா?” என்று கேட்டது.

“வச்சாச்சு. ஒன் புலிய நகத்து.”

ஏழாம் வளையத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் தரை இரும்பு. அடியில் தாது உடைக்கும் எந்திரம் ஓடுவதால் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். அதில் ஆணியால் கீறிய முக்கோணம்தான் அவர்களுடைய பலகை. புலிக்குப் பெரிய நட்டு, ஆட்டுக்கு வாசர். வேலை முடிந்து வந்த பெண்கள் சாம்பார்க் கையோடு சுற்றி நின்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள், பிறகு தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள். ஆடுபுலி அலுத்தால் வெல்டிங் குச்சிகளை அடுக்கிச் சதுரம் கலைக்கும் புதிர். அதுவும் அலுத்தால் மூன்று குவளைத் தண்ணீர்ப் புதிர். ரேஷன் தண்ணீரில்தான் அளப்பார்கள். தப்பாக அளந்தவள் அன்றைக்குக் குடிக்கும் பங்கில் ஒரு மடக்கை மற்றவளுக்குக் கொடுக்க வேண்டும். தாகத்தோடு கணக்குப் போட்டால் மூளை எப்படி ஓடும் என்பது நடுநகர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பேச்சி வாசரைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டுதான் யோசிப்பாள். இசக்கிக்குப் பொறுக்காது.

“வைட்டி சீக்கிரம்! எனக்கு ஒறக்கம் வருது.”

“இருட்டி. புலி என்ன பஸ்ஸுக்கா நிக்கி?”

பஸ் என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியாது. பூமியின் கடலோரத்து உப்பளங்களிலிருந்து வந்த பெரியவர்களின் வாயில் ஒட்டிக்கொண்டு வந்த சொல் அது. ஆனாலும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது பலகை முன் உட்கார்ந்திருந்த இசக்கிக்கு அந்தச் சூடான தரை தொடைக்கடியில் இருப்பது போலவே இருந்தது. சுற்றி நின்ற பெண்களின் சாம்பார் வாசனைகூட வந்தது.

“புலிய மடக்குததுக்கு ஆடு கொடுத்துத்தான் ஆவணும்னு எவஞ் சொன்னான்?” என்பாள் பேச்சி. “ஒரு ஆட்டுக்குப் பின்னால இன்னொரு ஆடு நின்னா புலி எங்க தாவும்? எதயும் ஒத்தையில விடாத. அம்புட்டுதான் வெளயாட்டு.”

சொல்வது சுலபம். அப்படி ஆடக் கண் வலிக்கும், கழுத்து வலிக்கும். புலி எந்தப் பக்கம் வரும், வந்தால் எந்த இடம் காலியாகும், அதை அடைத்தால் எது திறக்கும் என்று ஒவ்வொரு வாசருக்கும் நினைத்துப் பார்க்க வேண்டும். இசக்கி நினைத்துப் பார்த்தாள். ஒருமுறை தப்பாக வைக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். நெற்றியில் வேர்த்தது. பக்கத்துப் பலகைகளில் ஆட்டம் முடித்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். “என்ன பண்றாங்க இவங்க?” என்று ஒருவன் கேட்டான். “தெரியல. மாட்டிக்கிச்சு போல,” என்றான் இன்னொருவன்.

தேர்வன் மட்டும் ஒவ்வொரு நகர்வுக்கும் அவளைப் போலவே தாமதித்தது. “நான் யாருக்காகவும் காத்திருந்ததில்லை,” என்றது நடுவில். “காத்திருப்பது நன்றாக இருக்கிறது.”

“பேசாம ஆடு.”

கடைசி ஆட்டையும் இறக்கியபின் அவள் மந்தையை வரிசை வரிசையாக மேலே ஏற்றினாள். இரண்டு புலிகள் உச்சியில் ஒண்டின. மூன்றாவது, பலகையோரம் போய் நின்றது. அவள் கடைசி வழியை அடைத்தாள். மூன்று புலிகளுக்கும் நகர இடமில்லை. பதினைந்து ஆடுகளும் பலகையில் நின்றன.

“தோற்றுவிட்டேன்,” என்றது தேர்வன். குரலில் மகிழ்ச்சி இருந்ததாகப் பத்மலோசனிக்குப் பட்டது. வில்லையிடம் கேட்டாள். இயந்திரத்துக்கு மகிழ்ச்சி இல்லை என்று வில்லை சொன்னது. அவளும் நம்பிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் தேர்வுக் குழுத் தலைவர் ஞானசிகாமணி இசக்கியை அறைக்கு அழைத்தார். நல்ல மனிதர். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

“அருமையா ஆடினீங்கம்மா. மொத்தக் குழுவும் பாத்துது. எனக்கெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.”

“அப்ப வேலை எனக்குத்தான?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுலதான் சின்னச் சிக்கல். உங்க மதிப்பெண் பூஜ்யம்.”

இசக்கி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

“ஜெயிச்சிட்டீங்க, மறுக்கலை. ஆனா விடைக்குறிப்பு நான்காட்டு முறையில இருக்கு. நாலாம் படியில முதல் ஆட்டை இழக்கணும், அதுக்கு அஞ்சு மார்க். ஒம்பதாம் படியில ரெண்டாவது. அப்படியே நாலு ஆட்டுக்கும் இருபது மார்க். நீங்க ஒண்ணைக்கூட இழக்கலையே. நான் எந்தப் படிக்கு மார்க் போடறது?”

“சார், ஆட்ட இழக்கலன்னா அது நல்லதுதான சார்?”

“நல்லதுதாம்மா. ஆனா படி விட்டுப்போச்சே.”

சுவரிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. தேர்வன் பேசியது. “தலைவர் அவர்களே, தோற்றது நான். அவர் யோசித்தார், நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவரை இந்தத் தேர்வு அதற்காகத்தான் ஏற்பட்டது.”

“இயந்திரத்தோட கருத்தைக் கணக்குல எடுக்க விதி இல்லப்பா,” என்றார் ஞானசிகாமணி பொறுமையாக. பிறகு அவள் பக்கம் திரும்பி முகம் மலர்ந்தார். “ஆனா கவலையே படாதீங்க. உங்க ஆட்டத்தைப் பாடத்திட்டத்துல சேர்க்கறோம். ‘இசக்கி முறை’ன்னே பேரு. அடுத்த வருஷம் விடைக்குறிப்புல வந்துடும். நீங்க ஒரு நகர்வுகூட மாறாம மனப்பாடம் பண்ணிட்டு வந்து எழுதுங்க, முழு மார்க் நிச்சயம். நடுவுல ஒருதடவை கையை இழுத்துக்கிட்டீங்க பாருங்க, அதையும் சேர்த்திருக்கோம். அதுக்கு ரெண்டு மார்க்.”

“இந்த வருசம் ஏழாம் வளையத்துக்கு யாரு?”

“நிலவரசன்னு ஒரு தம்பி. பிரமாதமான பையன். கண் இமைக்கிறதுக்குள்ள முடிச்சிட்டான். நாலு ஆட்டையும் சரியான இடத்துல இழந்திருக்கான்.”

இசக்கி எழுந்தாள். அவர் ‘அடுத்த வருஷம்’ என்று வாயெடுத்தபோதே அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள்.

வளையத்தின் அடைகதவு தானாக மூடாது. இயந்திரம் யோசனை சொல்லும், முடிவர் சரி என்பார், ஆனால் கதவின் சக்கரத்தை மனிதக் கைதான் சுற்ற வேண்டும். பழைய ஆட்கள் அப்படிக் கட்டிவிட்டார்கள். அந்தக் கைக்குக் கதவாள் என்று பெயர். படித்தவர் யாரும் அந்த வேலைக்குப் போவதில்லை. காதில் வில்லை இருந்தால் எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

“ஒரு சந்தேகம் சார். மூடச் சொல்லி உத்தரவு வந்த பெறகு, கதவாள் சக்கரத்தச் சுத்த எம்புட்டு நேரம் எடுத்துக்கலாம்?”

ஞானசிகாமணியின் விழிகள் மேலேறின. வழக்கத்தைவிட நெடுநேரம் மேலேயே இருந்தன. “அதுக்கு… விதி ஒண்ணும் இல்லையேம்மா,” என்றார் குழப்பத்தோடு. “கதவாள் யோசிப்பான்னு யாரும் நினைக்கல போலிருக்கு. எதுக்குக் கேக்கறீங்க?”

பதில் வராததால் விழிகளைக் கீழே இறக்கினார். எதிரே நாற்காலி காலியாக இருந்தது. வெளியே நடைகூடத்தில் பத்மலோசனி வெள்ளித்தட்டை ஏந்திக்கொண்டு, “அம்மா, உங்க வில்லை! வில்லையை விட்டுட்டுப் போறீங்க!” என்று கூவியபடி ஓடிக்கொண்டிருந்தாள். இசக்கி கப்பல்துறைப் பக்கம் திரும்பிவிட்டாள்.