தீ வாளி மண்

அதிகாரி பார்வையிட வரும் நாள். காலை வண்டியிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் இறங்கியபோது பிளாட்பாரமே நாறியது. வெள்ளைக்காரன் கட்டிய ஸ்டேஷன். வளைவுகளுக்கெல்லாம் புதுச் சாயம் பூசியாகிவிட்டது. அதிகாரி தலையசைத்தால் போதும், மனைவியும் கைக்குழந்தையும் இருக்கும் ஊருக்கே மாற்றல். பெற்ற மகளை அவர் இன்னும் கையில்கூடத் தூக்கவில்லை.

தீயணைக்க மண் நிரப்பித் தூண்களில் தொங்கவிட்ட சிவப்பு வாளிகளில் ஈ மொய்த்தது.

"என்னண்ணே இது கண்றாவி?"

தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "போன வாரம் அந்தப் பொம்பள வண்டியில அடிபட்டப்போ, ரத்தத்து மேல இந்த மண்ணத்தானே சார் கொட்டி மூடினோம். புது மண்ணு வர நாளாகும், அதையே அள்ளி வாளியில போடுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

"மேல காஞ்ச மண்ணத் தூவச் சொன்னேனே?"

"தூவினேன் சார். உள்ள இழுத்துக்குது."

மாஸ்டர் குச்சியால் கிளறினார். மண் கொழகொழவென்று புரண்டது. சாம்பல் நிறச் சதைத் துணுக்கு ஒன்று, அதில் ஒட்டிய முடி. அவள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை, தேடி யாரும் வரவுமில்லை. அந்தத் தைரியம்தான் அவருக்கு.

மண் மூச்சு விட்டது.

ஒரு குமிழி மெல்ல எழுந்து உடைந்தது. ஏதோ அவர் உதட்டில் தெறித்தது. உப்புக் கரித்தது.

துப்பினார். கொப்பளித்தார். சோப்புப் போட்டுத் தேய்த்தார். வாய்க்குள் நறநறப்பு மட்டும் போகவில்லை.

வாளி மண்ணைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, தோட்டத்து மண்ணை நிரப்பினார்கள். அன்றைக்கே செய்திருக்கலாம். சோம்பல் விட்டால்தானே!

அதிகாரி வந்தார், மெச்சினார், போனார். மாற்றலும் கிடைத்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கையைக் கழுவிவிட்டுத்தான் மகளை வாங்கினார். பால் வாசனை. கண் கலங்கிவிட்டது. ஆசை தீர முத்தமிட்டார்.

குழந்தை வீறிட்டது.

"முகம் புதுசுல்ல, அதான். குடுங்க இப்படி" என்று மனைவி சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

அழுகை சட்டென நின்றது. குழந்தையின் கடைவாயில் கருப்பாக ஏதோ ஒழுகியது. முகம் சுளித்து, மனைவி அதன் வாய்க்குள் விரலை விட்டாள். ஈர மண். நாறியது.

"என்னங்க இது... வழிக்க வழிக்க வருதே!"

அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பல்லே முளைக்காத அந்த வாய், நறநறவென்று மென்றுகொண்டிருந்தது.