நிரம்பிய தொட்டி

ட்ரிங்... ட்ரிங்...

ஸாதனா செல்போனைக் காதிலிருந்து விலக்கி, அழைத்த எண் சரிதானா என்று பார்த்தாள்.

மணி அடிக்கக் கூடாது.

செத்துப்போனவனின் போன், அதுவும் தொட்டி நிறையத் தண்ணீருக்குள் கிடக்கிற போன், எந்த நியாயத்தில் அடிக்கிறது?

"ரிங் போறதா?" என்றாள் பக்கத்தில் நின்ற சுபாஷிணி. பசுமைக் கட்டடங்களுக்கு மதிப்பெண் போடும் அதிகாரி. பாலக்காட்டுக்காரி. எதையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் பார்ப்பாள்.

"போறது... எடுக்க மாட்டேங்கறான்."

கான்ட்ராக்டர் உடன் இல்லாமல் எந்தக் கட்டடத்தையும் தான் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு, சுபாஷிணி லாபி நாற்காலியில் சாவதானமாக உட்கார்ந்தாள்.

மட்டாஞ்சேரி அரிசி மண்டிகளுக்கு நடுவே எழுந்து நின்ற புது மக்கள் சேவை மையத்துக்கு அன்று திறப்பு விழா. மத்தியானம் அமைச்சர் வருகிறார். பந்தோபஸ்துக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் சுதீர், சாயா டம்ளரும் கையுமாக வாசல் கல்வெட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

'ஆர்க்கிடெக்ட்: ஸாதனா ஹரிநாராயணன்.'

அவ்வளவுதான். வேறு பெயரே இல்லை.

அந்தக் கல்லில்தான் வினையே!

காலையில் வந்து நின்றான் கான்ட்ராக்டர் இசக்கிராஜா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொத்தனாராக வந்து, பக்கத்திலுள்ள சுள்ளிக்கல் பகுதியில் சொந்த வீடு கட்டுமளவுக்கு வளர்ந்தவன். தன் பெயரையும் கல்லில் வெட்ட வேண்டும் என்றான். முடியாது என்றாள் ஸாதனா. அவன் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக் காட்டினான்.

"ஆபீசர் அம்மா முன்னால உங்க மண் சுவத்தை இதால லேசா ஒரு கீறு கீறுனா போதும் மேடம். உள்ள என்ன இருக்குன்னு அவிய பாத்துக்கிடுவாவ."

உள்ளே சிமென்ட் இருந்தது. மேலே செம்மண் பூச்சு. ஸாதனாவுக்கு அது தெரியும். கூரைமேல் நின்ற காற்றுக் கோபுரம் கடல்காற்றைப் பிடித்துக் கீழே அனுப்புவதாகப் பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. கோபுரத்துக்குள் ஏ.சி. ஒளிந்திருந்தது. அதுவும் தெரியும். மொட்டை மாடியின் பிளாஸ்டிக் புல்வெளியை மேய வரும் ஆடு பல்லை உடைத்துக்கொள்ளும். அதற்கும் அவள்தான் தலையாட்டியிருந்தாள்.

ஒவ்வொரு தலையாட்டலுக்குப் பிறகும் படுக்கையில் தனக்குத் தானே ஒரு பதில் சொல்லிக்கொள்வாள்.

தொட்டி இருக்கிறதே...

கூரையில் விழும் மழையெல்லாம் குழாய் வழியாக இறங்கி, லாபிக்கு அடியிலிருக்கும் தொட்டியில் சேரும். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று குடத்தோடு நிற்கிற தெருக்கள் உள்ள ஊர். அவள் பிறந்து வளர்ந்த ஊர். அந்த ஒன்றையாவது பொய்யில்லாமல் வரைந்தாள். ஒருத்தி தன்னை நல்லவள் என்று நம்ப ஒரே ஓர் உண்மை போதும். மிச்சத்தையெல்லாம் அதைப் போட்டு மூடிவிடலாம்.

லாபியிலிருந்த டிஜிட்டல் பலகை பச்சை எழுத்தில் அறிவித்தது: 'மழைநீர்த் தொட்டி நிரம்பியுள்ளது.' போதாததற்கு ஒரு வாரமாக விடாத மழை.

அதனால்தான் கொலை அத்தனை சுலபமாகத் தோன்றியது.

ஆபீசர் வருவதற்குள் தண்ணீரைப் பார்த்துவிடலாம் என்று அவனைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். தொட்டியின் வாய் அங்கேதான். அதெல்லாம் இப்போது எதற்கு என்று அவன் இழுத்தான். தலையைச் சொறிந்தான். கடைசியில் மூடியைத் தூக்கினான். உள்ளே கும்மிருட்டு. குனிந்தபடியே ஏதோ சொல்ல வாயெடுத்தான்...

தள்ளினாள்.

தகரத்தின்மேல் மழை போட்ட சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. இரும்பு மூடியை இழுத்து மூடினாள். நீச்சல் தெரியாதவன். படகில் ஏறும்போதெல்லாம் அவனே சொல்லிச் சிரிப்பான். கால் வழுக்கி விழுந்த கான்ட்ராக்டர்... வருந்தத்தக்க விபத்து... இரங்கல் உரைகூட மனதுக்குள் தயாராகியிருந்தது. நன்றாகவே வந்திருந்தது.

இப்போது மணி அடிக்கிறது!

போன் வெளியே எங்காவது விழுந்திருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். அதற்குள் சுபாஷிணி அவள் கையிலிருந்து செல்போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, மறுபடி அழைத்தாள்.

சுதீர் சட்டென்று டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்.

"ஒரு மினிட் மேடம்... தரைக்கு அடியில நாதஸ்வரம் கேக்குதே."

நாதஸ்வரம் நின்றது. போன் எடுக்கப்பட்டது.

"யம்மா..."

முனகல் ஸ்பீக்கரிலிருந்து ஒரு தடவை கேட்டது. தரைக்குக் கீழிருந்து இன்னொரு தடவை. தளத்தின் கனத்திலும் இசக்கிராஜா மிச்சம் பிடித்திருப்பான் போல. சிக்னல் தாராளமாகப் போய் வந்தது.

சுதீர் பின்பக்கக் கொட்டகைக்கு ஓடினார், மற்ற இருவரும் பின்னாலேயே. மூடி திறந்தது. டார்ச் வெளிச்சம் உள்ளே இறங்கியது.

இசக்கிராஜா காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நெற்றியில் ரத்தம் உறைந்திருந்தது. பக்கத்தில் காலி சிமென்ட் சாக்குகள். தரை முழுக்கத் தூசி. கூரையிலிருந்து மழையைக் கொண்டுவர வேண்டிய குழாய் சுவரில் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயைக் கலவை வைத்து அழகாகப் பூசியிருந்தார்கள்.

"எந்து பற்றி சேட்டா? என்ன ஆச்சு?" என்றார் சுதீர்.

இசக்கிராஜா நிமிர்ந்து ஸாதனாவைப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். கல்லில் இனி எத்தனை பெரிய எழுத்து கேட்கலாம் என்று கணக்குப் போடும் பார்வை.

"கழுவுததுக்காவ நேத்துதான் தண்ணிய எறைச்சோம் சார். குனிஞ்சு பாத்தேன். கால் வழுக்கிட்டு. மேடத்துக்கு எல்லாம் தெரியும்."

"அப்படியா ஸாதனா?" என்றாள் சுபாஷிணி.

ஆமாம் என்றால் போதும். மூன்றெழுத்து. வேலை பிழைக்கும், பெயர் பிழைக்கும், கழுத்தும் பிழைக்கும். சுவருக்கும் கோபுரத்துக்கும் புல்லுக்கும் ஆமாம் போட்ட அதே வாய்தானே?

வரவில்லை.

அவள் கண் அந்தப் பூசிய குழாயைவிட்டு நகரவில்லை. உள்ளுக்குள் எதையெல்லாமோ மூடிவைத்திருந்த ஒன்று கழன்று விழுந்தது. அவமானம்கூட இல்லை. சுத்தமான தொழில் கோபம்.

"பொய் சொல்றான்!" என்றாள். "இவன் குழாயைச் சேர்க்கவே இல்லை, பாருங்கோ. என் ட்ராயிங்ல ரெண்டாள் ஆழத்துக்குத் தண்ணி. நான் மனசாரப் போட்டது இது ஒண்ணுதான். ஒழுங்கா கட்டியிருந்தா, நான் தள்ளினபோதே இவன் முங்கிச் செத்திருக்கணும்!"

தகரத்தின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

சுபாஷிணி முதல்முறையாகக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சுதீர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். இனி அமைச்சருக்கு என்ன சொல்வது, ஸ்டேஷனுக்கு என்ன சொல்வது என்று அவருக்கே புரியவில்லை.

"இதை நான் என்ன கேஸுன்னு எழுதறது... கொலையா, முயற்சியா?"

தொட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ட்ராயிங்படி பாத்தா கொலை சார். நான் கட்டுனபடி பாத்தா முயற்சிதான்."