பாபாவின் பூதக்கண்ணாடி

"இது கம்பியா, இல்ல சேமியாவா?" என்று கேட்டார் லல்லா பத்தூல் அம்மாள்.

அவர் லேசாகத்தான் இழுத்தார். அவருக்காகச் செய்து பட்டறையில் சாய்த்து வைத்திருந்த பால்கனித் தடுப்பிலிருந்து ஒரு இரும்புக் கம்பி கையோடு வந்துவிட்டது. அதைச் செய்த ஜீலாலியின் முகம் சிவந்தது. சாஃபி நகரத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய வெல்டிங் பட்டறையில் இதுவரை இப்படி நடந்ததே இல்லை.

"என் ரெட்டைப் பசங்க இப்பவே கண்டதுமேல எல்லாம் ஏறுதுங்க. வியாழக்கிழமை வருவேன். அப்பவும் ஆடுச்சுன்னா வேற பட்டறைதான், ஆமா!"

அவர் போனதும், பள்ளியிலிருந்து வந்திருந்த ஜீலாலியின் மகள் நுஹைலா கம்பியை எடுத்துப் பார்த்தாள். வெல்டிங் கோடு இணைப்பின் மேல் ஓடாமல், பக்கத்தில் ஓடியிருந்தது.

"கண்ணாடி ரொம்பக் கறுப்பும்மா. அதான் எதுவும் தெரியல" என்றார் அவள் பாபா, அதாவது அப்பா. வெல்டிங் ஹெல்மெட்டிலிருந்த பதினோராம் நம்பர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கறுப்பு குறைந்த எட்டாம் நம்பரைப் போட்டு மறுபடி வெல்டிங் செய்தார்.

அன்று மாலை, வெல்டிங் வெளிச்சம் பட்டு அவர் கண்கள் தக்காளியாகச் சிவந்து நீரைக் கொட்டின.

"உள்ள மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு" என்று முனகினார்.

அம்மா ஈரத்துணியை வைத்தாள். "இன்னொரு தடவை அந்தக் கண்ணாடியைப் போடுங்க, நானே உடைக்கறேன்!"

இவ்வளவுக்கும் கோடு அப்போதும் விலகியே ஓடியிருந்தது. நுஹைலாவுக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. கறுப்பைக் குறைத்தும் சரியாகவில்லை என்றால், கோளாறு கறுப்பில் இல்லை. வேறு எதிலோ இருக்கிறது.

பாபாவுக்குக் கண் தேறிய அன்று காலை, பட்டறை வாசலிலேயே அவரை நிறுத்தினாள். பாடப் புத்தகத்தை விரித்து அவர் முகத்துக்குக் கிட்டே நீட்டினாள்.

"படிங்க பாபா."

"எழுத்தா இது? எறும்புல்ல ஊருது!"

அவள் நாலடி பின்னால் போனாள். அவர் கடகடவென்று படித்தார்.

"பார்த்தீங்களா? வெயில் கொளுத்துது, கறுப்புக் கண்ணாடியும் இல்ல. ஆனாலும் கிட்ட இருக்கறது தெரியலயே!"

"அப்ப நான் கெழவனாயிட்டேங்கிறியா?"

"கிட்ட இருக்கறது தெரியலன்னுதான் சொன்னேன். கெழவன்னு சொன்னது நீங்கதான்."

பாபா மீசையைத் தடவினார். "மூக்குக்கண்ணாடி எல்லாம் சரிப்படாது. ஹெல்மெட்டுக்குள்ள வழுக்கும், ஆவி படியும்."

நுஹைலா விடவில்லை. வெல்டிங் சாமான் விற்கும் பூஷ்தா மாமாவின் கடைக்கு ஓடினாள்.

"மாமா, மூக்குல மாட்டாத மூக்குக்கண்ணாடி இருக்கா?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இருக்கே!" சின்னச் சின்னச் செவ்வகக் கண்ணாடிகள் மூன்றை எடுத்து வைத்தார். "பூதக்கண்ணாடி. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால செருகணும். உனக்கு எந்தப் பவர் வேணும்?"

அவள் யோசித்தாள். பாபாவின் கண்ணுக்கு எது பொருந்தும் என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? திரும்பி ஓடினாள். அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தே வந்தாள்.

பாபா இருப்பதிலேயே பெரிதாகக் காட்டுவதை எடுத்தார். "பெரிசாத் தெரிஞ்சா நல்லதுதானே!"

நுஹைலா மேசையில் இரண்டு இரும்புத் துண்டுகளைச் சேர்த்து வைத்தாள். "வேலை செய்யற மாதிரி குனிஞ்சு பாருங்க."

குனிந்தார். மங்கல். இன்னும் குனிந்தார். மூக்கு மேசையைத் தொட்டது.

"மேசைக்கு முத்தம் குடுக்காத ஜீலாலி!" என்றார் பூஷ்தா. "தீப்பொறி மீசையைப் பொசுக்கிடும்."

அடுத்ததிலும் எறும்பு ஊர்வது போல மங்கலாகவே தெரிந்தது. மூன்றாவதில், எப்போதும் வேலை செய்யும் தூரத்திலேயே பாபா அசையாமல் நின்றார்.

"துருகூடத் தெரியுதும்மா" என்றார் மெல்ல.

பட்டறையில் பதினோராம் நம்பர் மீண்டும் ஹெல்மெட்டில் ஏறியது. அதன் பின்னால் பூதக்கண்ணாடி உட்கார்ந்தது.

"வெளிச்சம் கண்ணுல படும், அந்தப் பக்கம் திரும்பிக்கோ!" என்றார் பாபா.

நுஹைலா சுவரைப் பார்த்து நின்றாள். பொரிப்பது போன்ற சத்தம் கேட்டு ஓய்ந்தது. ஓடி வந்து பார்த்தாள். கோடு இணைப்பின் மேலேயே நேராக ஓடியிருந்தது. பாபா மிச்சக் கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, எல்லா இணைப்புகளையும் புதிதாகப் போட்டார்.

வியாழக்கிழமை லல்லா பத்தூல் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். இழுத்தார். சுவரில் காலை ஊன்றி இழுத்தார். செருப்புதான் கழன்று பறந்தது.

"சரி, சரி. கொண்டுவந்து மாட்டு" என்றார் மூச்சு வாங்க.

தடுப்பை மாட்டிய அன்று மாலை நுஹைலா லல்லா பத்தூலின் வீட்டைத் தாண்டி நடந்தபோது, பால்கனியிலிருந்து இரட்டையர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நுஹைலா! நுஹைலா!" என்று கத்தித் துள்ளினார்கள்.

நுஹைலா இரண்டு கைகளையும் ஆட்டினாள். மேலே கம்பி மட்டும் ஆடவே இல்லை.