எண் மட்டும் ஒட்டிய புட்டிகள்

காலை 9.20. ஆராய்ச்சி நிலையத்தின் எடைக் கருவியில் ஏறிய தையல்காரப் பெண், முள் நிற்பதற்குள் மயங்கி விழுந்தாள்.

மூலிகைச் சாறு உடம்பை இளைக்க வைக்குமா என்று பார்க்கும் சோதனை. கடைசி நாள். முப்பது பேருக்குச் சாறு அடைத்த கேப்ஸ்யூல், முப்பது பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்ற பட்டியல், டாக்டரின் பீரோவில் சீல் வைத்த உறையில் இருந்தது.

12.40. தையல்காரப் பெண் கண் விழித்தாள். அவள் சிறுநீரில் நீர் பிரிய வைக்கும் மருந்து இருந்தது. நர்ஸின் கைப்பையில் அதே மருந்தில் ஓர் அட்டை கிடைத்தது.

1.15. இன்ஸ்பெக்டர் வந்தார். பருத்த பெண்மணி.

"வீட்டுக்காரருக்கு வாங்கினது மேடம். பிரஷர்," என்றாள் நர்ஸ்.

"கேப்ஸ்யூலை யார் எடுத்துக் கொடுக்கறது?"

"நான் மட்டும்தான். புட்டியில நம்பர் இருக்கும், அதைப் பார்த்துக் கொடுப்பேன். பதினெட்டு வருஷ வேலை மேடம். லைசென்ஸே போயிடும்."

சாறு தயாரித்த கம்பெனிக்காரர் குறுக்கிட்டார். "அறுபது புட்டியும் நானே நிரப்பி, நம்பர் ஒட்டி, சீல் வச்சுக் கொடுத்தேன். இந்தம்மா கெடுத்துட்டாங்க. ஆனா பாருங்க, பாதிப் பேருக்கு ஆளுக்கு மூணு கிலோ இறங்கியிருக்கு. நீங்களும் சாப்பிடலாம்."

"ஆசைதான்," என்றார் இன்ஸ்பெக்டர். பதிவேட்டைப் புரட்டினார். "டாக்டர், எடை இறங்கியிருக்கு. இடுப்பளவு அப்படியே இருக்கே?"

"அப்போ கொழுப்பு கரையல. தண்ணிதான் போயிருக்கு."

"அறுபது பேரையும் சோதிங்க."

4.30. முப்பது பேரின் சிறுநீரில் அந்த மருந்து இருந்தது. டாக்டர் சீல் கலையாத உறையைப் பிரித்தார். முப்பதும் சாறுப் புட்டிக்காரர்கள். மாவு சாப்பிட்டவர்களில் ஒருவரிடம்கூட இல்லை.

"நர்ஸம்மா, எது சாறு, எது மாவுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். தெரியக்கூடாதுன்னுதானே வெறும் நம்பர் போட்டிருக்கு."

"தெரியாதவங்க கலந்திருந்தா மாவுப் புட்டியிலயும் விழுந்திருக்கும். இது ஒண்ணுகூடத் தப்பல. எது எதுன்னு தெரிஞ்சவர்தான் கலந்திருக்கார். நம்பர் ஒட்டினவர்." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நுணலும் தன் வாயால் கெடும், சார். வண்டி வெளியில நிக்குது."

கம்பெனிக்காரர் நாற்காலியைத் தேடினார்.

சோதனை மறுபடி நடந்தது. இந்த முறை நிலையத்து ஆட்களே சாற்றை அடைத்தார்கள். எட்டு வாரத்தில் சாறு சாப்பிட்டவர்களுக்கு நானூறு கிராம் இறங்கியது. மாவு சாப்பிட்டவர்களுக்கும் நானூறு.

முடிவை எழுதி டாக்டர் பதிவேட்டை நர்ஸிடம் நகர்த்தினார். "முதல் கையெழுத்து நீங்க போடுங்க."

நர்ஸ் நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினாள்.