அடைக்கட்டுமா?

முப்பது மீட்டர் ஆழத்தில், கடலடிப் பாசிப்பண்ணையின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த ஃபிளாவியாவுக்கு அக்குள் நனைந்தது. நீர் புகாத உலருடைக்குள் ஈரமா? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"தொபியாஸ் அண்ணே, தையல் கசியுதுன்னு நெனைக்கேன்."

"ஒட்டுயிர் போட்ட தையல் எப்படிம்மா கசியும்?" என்றார் மேலே படகில் இருந்தவர்.

அதுதான் அவளுக்கும் குழப்பம். பழைய நியோப்ரீன் உடை கசிந்தால் காரணம் சொல்லிவிடலாம். குமிழி நிறைந்த அந்த ரப்பர்த் துண்டுகளின் விளிம்புகளைப் பசையால் சேர்த்து, ஊசியைப் பாதித் தடிமனோடு திருப்பித் தைப்பார்கள். ஊசி மறுபக்கம் எட்டிப் பார்த்தால் போச்சு, நூல் வழியே கடல் உள்ளே வரும். இழுபட்டு இழுபட்டுப் பசையும் விட்டுப்போகும். ஒட்டுயிர் அப்படியல்ல, உயிருள்ள பசை. ஓட்டை விழுந்தால் தானே வளர்ந்து மூடும். யார் சொன்னாலும் கேட்கும். ஆபத்தில் ஆள் பார்க்கக்கூடாது என்று செய்தவர்களுக்கு நல்ல மனசு.

"உள்ளே ஈரம்," என்றது உடை. "தையலில் ஓட்டை இல்லை. மற்ற வழிகளை அடைக்கட்டுமா?"

மற்ற வழியா? அவள் விழித்தாள். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு உதட்டில் இறங்கியது. வெதுவெதுப்பான உப்பு.

"அட," என்றாள். "வேர்வை."

உடைக்கு முதல் சொல்லே போதும். அடை என்பதை ஊரே 'அட' என்றுதான் சொல்கிறது. கழுத்து, மணிக்கட்டு, முதுகு ஜிப், காற்றை வெளியே விடும் வால்வு, எல்லாம் ஒட்டிக்கொண்டன. திற என்றொரு கட்டளையை அதற்குக் கற்றுக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பதறி மேலே கிளம்பினாள். ஏற ஏற உடைக்குள்ளிருந்த காற்று விரிந்தது. அது வெளியேறாவிட்டால் பந்தாக மேலே வீசப்பட்டு, ரத்தத்தில் குமிழி கட்டிச் செத்துப்போவாள். பயத்தில் இன்னும் வேர்த்தது. கத்தியால் கையைச் சுற்றிய தையலைக் கீறினாள், மூடிக்கொண்டது. மறுபடி கீறி, மூடவிடாமல் கட்டைவிரலை நுழைத்துக்கொண்டாள். கசிவுக்குப் பயந்தவள் ஒரு கசிவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறி வந்தாள்.

படகில் தொபியாஸ் அவள் முகமூடியைக் கழற்றினார். இப்போது உடையில் மிச்சமிருந்த ஒரே திறப்பு அவள் முகம். கட்டைவிரலைப் பசை மூடியிருந்தது. தப்பித்த நிம்மதியில் அவளுக்கு அழுகை முட்டியது.

"முகத்தில் ஈரம். அடைக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றாள். அவரிடம் சொல்லி வைக்கவேண்டும். ஆனால் எந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள் என்று சொல்ல, அந்தச் சொல்லையே சொல்லவேண்டுமே.

"அண்ணே, பேசாதீங்க. ஒண்ணும் பேசாதீங்க."

கண்ணீர் வழிந்தது.

"முகத்தில் ஈரம். அடைக்கட்டுமா?"

தொபியாஸ் ஒன்றும் விளங்காமல் குனிந்து அவள் கன்னத்தைத் துடைத்தார்.

"அட," என்றார் பாசமாக. "எதுக்கும்மா அழுவுத?"